கர்ணனை வீழ்த்தியவை: அவனுடைய நல்ல குணங்களும் ஓர் அச்சமும்

தொலைக்காட்சியில் மகாபாரதத் தொடர் ஒளிபரப்பாகும் போதெல்லாம் ஒரு சண்டை தவறாமல் எழுகிறது: கர்ணன் நல்லவனா, கெட்டவனா? பிறந்த நாளிலிருந்து வஞ்சிக்கப்பட்ட வள்ளல் என்று ஒரு தரப்பு. திரௌபதியைச் சபையில் இழிவாகப் பேசியவன், அபிமன்யுவைச் சூழ்ந்து வீழ்த்தியவர்களில் ஒருவன் என்று மறு தரப்பு. இரண்டு தரப்பும் காட்டும் சம்பவங்கள் நூலில் இருக்கின்றன. அதனால்தான் வாதம் முடிவதே இல்லை.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் வெளிச்சம் கிடைக்கிறது. கர்ணனின் தோல்விக்குக் காரணமான முடிவுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை அவனுடைய நல்ல குணங்களிலிருந்தே வந்தவை. கவசத்தைக் கொடுத்தது கொடை. கிருஷ்ணனின் அழைப்பை மறுத்தது நன்றி. நான்கு பாண்டவர்களை உயிரோடு விட்டது வாக்குத் தவறாமை. நல்ல குணம் ஒருவனை எப்படிக் கொல்ல முடியும்? அந்தக் குணங்களுக்கு அடியில் ஓர் அச்சம் இருந்தது, அந்த அச்சம் அவற்றை இறுக்கி விலங்காக்கிவிட்டது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

## முதலில், எந்தக் கர்ணன்?

தமிழில் பேசும்போது நாம் குறைந்தது மூன்று கர்ணன்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

1. வியாச பாரதத்தின் கர்ணன். சமஸ்கிருத மூலம் பல பிரதிகளில், பல பாடபேதங்களோடு கிடைக்கிறது. பூனாவின் பண்டார்கர் ஆய்வு நிறுவனம் அவற்றை ஒப்பிட்டுச் செம்பதிப்பு ஒன்றை உருவாக்கியது. 1919இல் தொடங்கிய அந்த வேலை 1966இல்தான் முடிந்தது.

2. வில்லிபுத்தூராரின் கர்ணன். 14, 15ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி எழுந்த வில்லிபாரதம் அவனைக் கூடுதல் பாசத்தோடு வரைகிறது. வியாசரிடம் இல்லாத சில காட்சிகள் இதில் உண்டு.

3. கூத்திலும் திரையிலும் வரும் கர்ணன். வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் ஆடப்படும் ‘கர்ண மோட்சம்’ கூத்தும், சிவாஜி கணேசன் நடித்து 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ படமும் இந்தக் கர்ணனை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தன. நம்மில் பலருக்கு மனதில் முதலில் வருபவன் இவன்தான்.

இங்கே வியாசரை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வில்லி விலகும் இடங்களைத் தனியே சொல்கிறேன். அந்த விலகல்களில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது.

## அச்சம் பிறந்த இடம்

கர்ணனுக்கு மரண பயம் கிடையாது. அவன் பயப்படுவது ஒரே ஒரு கேள்விக்கு: நீ யார் மகன்?

ஆதி பருவத்தில், துரோணரின் மாணவர்கள் வித்தை காட்டும் அரங்கில் அழைப்பில்லாமல் நுழைகிறான் கர்ணன். அர்ஜுனன் செய்த அத்தனையும் தானும் செய்கிறான். பிறகு அவனோடு நேருக்கு நேர் மோத வேண்டும் என்கிறான். அப்போது கிருபர் எழுந்து, அர்ஜுனன் குந்தியின் மகன், பாண்டுவின் மகன் என்று முறைப்படி அறிவித்துவிட்டு, உன் குலம் என்ன, தாய் தந்தை யார் என்று கேட்கிறார். கர்ணனின் தலை கவிழ்கிறது. திறமை வைத்திருப்பவனிடம் திறமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

துரியோதனன் அந்த இடத்திலேயே அவனுக்கு அங்க நாட்டு முடியைச் சூட்டுகிறான். இதற்கு ஈடாக நான் என்ன தரட்டும் என்று கர்ணன் கேட்க, உன் நட்பு போதும் என்கிறான் அவன். அடுத்த கணம் வளர்ப்புத் தந்தை அதிரதன் தள்ளாடிக்கொண்டே வந்து சேர்கிறான். முடிசூட்டு நீரால் நனைந்த தலையோடு கர்ணன் அவன் காலில் விழுகிறான். பீமன் சிரிக்கிறான்: தேரோட்டி மகனே, போய்ச் சாட்டையை எடு.

இந்த ஒரு காட்சியில் பின்னால் நடக்கப்போகும் எல்லாமே அடங்கியிருக்கிறது. கவனிக்க வேண்டியது, கர்ணன் அதிரதனை மறைக்கவில்லை. அத்தனை பேர் முன்னிலையில், தனக்கு மிக நஷ்டமான நேரத்தில், காலில் விழுகிறான். இது உண்மையான குணம், நடிப்பு அல்ல. ஆனால் அந்தச் சிரிப்பும் அவனுக்குள் தங்கிவிடுகிறது. குலத்தால் கிடைக்காத மதிப்பைக் குணத்தால் சம்பாதித்தே தீருவது என்று அவன் வாழ்க்கை திரும்புவது இங்கேதான். பிறப்பால் மதிப்பு பெற்றவன் எப்போதாவது சறுக்கினாலும் அவன் மதிப்பு போகாது. குணத்தால் சம்பாதித்தவன் ஒரே ஒரு முறை சறுக்கினாலும் மொத்தமும் போய்விடும். கர்ணன் அப்படித்தான் நினைத்தான். அவன் வாழ்ந்த உலகத்தை வைத்துப் பார்த்தால் அந்த நினைப்பில் தவறும் இல்லை.

## காட்டிக்கொடுத்த பொறுமை

குணமும் அச்சமும் முதல்முறை மோதிக்கொள்வது பரசுராமரிடம். இதை நாரதர் போருக்குப் பின்னர் சாந்தி பருவத்தில் சொல்கிறார்.

பிரம்மாஸ்திரம் கற்றுத்தரும்படி கர்ணன் துரோணரைக் கேட்கிறான். பிராமணனுக்கோ விரதம் காத்த க்ஷத்திரியனுக்கோதான் அது உரியது என்று சொல்லி அவர் மறுக்கிறார். உடனே பரசுராமரிடம் போய், பிருகு வம்சத்துப் பிராமணன் என்று பொய் சொல்லிச் சேர்ந்துகொள்கிறான். அச்சம் சொல்லவைத்த பொய் அது.

ஒருநாள் குரு அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறார். ஒரு புழு கர்ணனின் தொடையைத் துளைக்கிறது. குருவின் தூக்கம் கலையக்கூடாது என்று அசையாமல் இருக்கிறான். இரத்தம் பட்டு விழித்த பரசுராமர், இவ்வளவு வலியைத் தாங்கியவன் பிராமணனாக இருக்க முடியாது என்று கண்டுகொள்கிறார். வேண்டிய நேரத்தில் அந்த அஸ்திரம் நினைவுக்கு வராமல் போகட்டும் என்று சாபம்.

அசைந்திருந்தால் பொய் தப்பித்திருக்கும். குருபக்தியும் பொறுமையும் சேர்ந்து அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டன. சாபத்தைப் பெரிதுபடுத்திப் பேசுகிறோமே தவிர, இந்த அமைப்பைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒன்றை மறைக்கப் பொய் சொல்கிறான், குணமோ மறைக்கவிடுவதில்லை.

## கொடை: யாருக்காக?

வன பருவத்தின் பிற்பகுதியில் சூரியன் கனவில் வந்து கர்ணனை எச்சரிக்கிறான். இந்திரன் பிராமண வேடத்தில் வந்து கவச குண்டலங்களைக் கேட்பான், கொடுக்காதே, கொடுத்தால் உன் ஆயுள் குறையும். கர்ணன் சொல்லும் பதில் இந்தப் பாத்திரத்தின் சாவி என்று நினைக்கிறேன். அதிலிருந்து மூன்று விஷயங்கள்:

1. புகழ் மனிதனைத் தாய் போல உயிர்ப்பிக்கிறது என்கிறான். தாயால் ஆற்றில் விடப்பட்டவன் வாயிலிருந்து வரும் சொல் இது.

2. இகழ், உயிரோடு இருப்பவனையே கொன்றுவிடும் என்கிறான். ஆக, அவனைப் பொறுத்தவரை கவசத்தைக் கொடுப்பதில் பாதி மரணமும் கொடுக்காமல் இருப்பதில் முழு மரணமும் இருக்கின்றன.

3. மரணத்துக்கு அஞ்சுவதைவிடப் பொய்க்குத்தான் அதிகம் அஞ்சுகிறேன் என்கிறான். யார் கேட்டாலும் கொடுப்பேன் என்ற சொல்லைக் காப்பாற்றாமல் போவதே இங்கே பொய். தன் அச்சத்துக்கு அவனே பெயர் வைக்கும் இடம்.

சூரியனின் மறுமொழியும் கூர்மையானது. புகழ் உயிரோடு இருப்பவனுக்குத்தான் பயன்படும், செத்தவனுக்குப் புகழ் பிணத்துக்குப் போட்ட மாலை என்கிறான். கர்ணன் மசியவில்லை. சரி, கொடுப்பதானால் பதிலுக்கு அவனுடைய சக்தி ஆயுதத்தையாவது கேள் என்று சூரியன் சொல்ல, அதற்கு மட்டும் சம்மதிக்கிறான்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும். பெயருக்காகக் கொடுப்பது கொடைதானா? இதை வைத்து அவன் கொடையையே போலி என்று தள்ளுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. வாங்கிக்கொண்டவர்களுக்குப் பொருள் உண்மையாகவே போய்ச் சேர்ந்தது. கோளாறு கொடையில் இல்லை, விலக்கே இல்லாமல் கொடுப்பதில் இருக்கிறது. கேட்பவன் யார், எதற்குக் கேட்கிறான் என்று ஆராயும் உரிமையைக் கர்ணன் தானாகவே விட்டுக்கொடுத்துவிட்டான். வந்திருப்பது இந்திரன் என்று தெரிந்தே கொடுக்கிறான். ஏமாற்றப்பட்டான் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு முறை இல்லையென்று சொல்லிவிட்டால் தான் யார் என்ற கேள்வி மறுபடி எழுந்துவிடும் என்று பயந்தவனாகவே அங்கே தெரிகிறான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. துரியோதனனைக் கந்தர்வர்கள் சிறைபிடித்தபோது கர்ணன் களத்திலிருந்து ஓடியிருந்தான், பாண்டவர்கள்தான் மீட்டார்கள். அதற்குப் பிறகு, அர்ஜுனனைக் கொல்லும்வரை என் கால்களைக் கழுவவிட மாட்டேன் என்று சபதம் போடுகிறான். பரவலாக வாசிக்கப்படும் பாடங்களில், கேட்பவர் யாருக்கும் இல்லையென்று சொல்ல மாட்டேன் என்பதும் அதே சபதத்தின் பகுதியாக வருகிறது. அதாவது வள்ளல்தன்மையின் மிகக் கறாரான வடிவம், ஓடிப்போன அவமானத்துக்குப் பின்னால் எடுத்த விரதம். எதிரிகளுக்கு இது எவ்வளவு வசதி! விலக்கில்லாத குணம் உடையவன் அடுத்து என்ன செய்வான் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம்.

வில்லிபுத்தூரார் இந்தக் கணக்கை வெளிப்படையாகவே ஆக்கிவிடுகிறார். வியாசரிடம் இந்திரன் தன் மகனுக்காகத் தானே வருகிறான். வில்லியிடம் கிருஷ்ணன்தான் இந்திரனை அனுப்புகிறான், குந்தியையும் அனுப்புகிறான், கடைசியில் தானே கிழப் பிராமணனாக வந்து புண்ணியம் முழுவதையும் யாசிக்கிறான். அம்பு தைத்த உடம்பின் குருதியால் தாரைவார்த்துக் கொடுத்த கர்ணன், பதிலுக்குக் கேட்கும் வரம் தமிழில் மறக்க முடியாத ஒன்று: இனியும் பிறவி உண்டானால், இல்லையென்று இரப்பவர்க்கு ‘இல்லை என்று உரையா இதயம்’ வேண்டும். தன்னைக் கொன்ற அதே குணத்தையே மறுபடி கேட்கிறான். பக்திக் கண்ணால் பார்த்தால் இது மோட்சம். துன்பியல் கண்ணால் பார்த்தால், ஏழு பிறவிக்கும் அவன் திருந்தப்போவதில்லை.

## செஞ்சோற்றுக்கடன்

உண்ட சோற்றுக்கு உயிரால் கணக்குத் தீர்ப்பது செஞ்சோற்றுக்கடன். மன்னன் சோறிட்டான், வீரன் அவனுக்காகக் களத்தில் நிற்கிறான் என்ற பழைய போர்க்குடி அறம். தமிழர்கள் கர்ணனை இந்தச் சொல்லோடு சேர்த்தே நினைக்கிறோம்.

வில்லியின் கர்ணன் குந்தியிடம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறான். துரியோதனனின் மனைவியோடு தனியிடத்தில் இருந்தபோது அவள் மேகலை அறுந்து மணிகள் சிதறின. அந்த நேரம் உள்ளே வந்த துரியோதனன் கேட்டது, ‘எடுக்கவோ? கோக்கவோ?’ என்பது மட்டும்தான். சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. அப்படிப்பட்டவனுக்குக் களத்தில் செஞ்சோற்றுக்கடன் கழிப்பதே இனி எனக்குப் புகழும் கருமமும் தருமமும் என்று முடிக்கிறான். வியாசரிடம் இந்தக் காட்சி கிடையாது. ஆனால் கர்ணனின் மனம் எதற்கு ஏங்கியது என்பதைப் பிடித்த விதத்தில் வில்லி மூலத்துக்கு நெருக்கமாகவே நிற்கிறார். வாழ்நாளெல்லாம் விசாரிக்கப்பட்டவனை ஒருவன் விசாரிக்காமல் நம்பினான். அந்தக் கடனை யாரால் அடைக்க முடியும்?

வியாசரின் உத்தியோக பருவத்தில் கிருஷ்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு தனியே பேசுகிறான். நீ குந்தியின் மூத்த மகன், சாஸ்திரப்படி பாண்டுவின் மகன், வா, பாண்டவர்கள் உன் காலில் விழுவார்கள், நீ அரசன், யுதிஷ்டிரன் உனக்கு இளவரசன். வாழ்நாள் முழுவதும் அவனைத் துரத்திய கேள்விக்கு இப்போது விடை கையில் கிடைக்கிறது. அதுவும் உலகத்திலேயே மிக உயர்ந்த விடை. கர்ணன் மறுக்கிறான். சொல்லும் காரணங்களைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் காரணம் ராதை. என்னைக் கண்டதும் பாசத்தால் அவளுக்குப் பால் சுரந்தது, என் மலமும் மூத்திரமும் அள்ளியவள் அவள், அவளுக்கு எப்படிப் பிண்டம் இல்லாமல் செய்வேன்? அதிரதன் எனக்குப் பெயர் வைத்தான், பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தான், அந்த மனைவியரிடம் பிள்ளைகளும் பேரன்களும் இருக்கிறார்கள். இரண்டாவது, துரியோதனன் என்னை நம்பித்தான் ஆயுதம் எடுத்தான். இந்த இரண்டிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. மகாபாரதத்திலேயே இவ்வளவு மனிதத்தன்மையுள்ள பேச்சு வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

மூன்றாவது காரணம் கொஞ்சம் மெதுவாக வருகிறது. அர்ஜுனனோடு நேருக்கு நேர் மோதாவிட்டால் எனக்கும் இகழ், அவனுக்கும் இகழ். அரங்கில் முடியாமல் போன அந்தச் சண்டை இன்னும் அவனுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய நன்றியும் பழைய புண்ணும் ஒரே பேச்சில் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு வருகின்றன. எது எதைத் தாங்குகிறது என்று கர்ணனுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்புறம் அவன் சொல்வதுதான் வாசகனைத் திகைக்கவைக்கிறது. பாண்டவர்கள்தான் ஜெயிக்கப் போகிறார்கள், எனக்குத் தெரியும், கனவிலும் கண்டேன் என்கிறான். துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்களிடம் கடுஞ்சொல் பேசியதற்காக இன்று வருந்துகிறேன் என்கிறான். தன் பிறப்பை யுதிஷ்டிரனிடம் சொல்லாதே என்றும் கேட்கிறான். தெரிந்தால் அவன் நாட்டை எனக்குத் தந்துவிடுவான், நான் அதைத் துரியோதனனிடம் கொடுத்துவிடுவேன், தர்மம் அறிந்த யுதிஷ்டிரனே நிரந்தர அரசனாக இருக்கட்டும்.

இதைப் படித்த பிறகு கர்ணனை அறியாமையால் அழிந்தவன் என்று சொல்ல வழியில்லை. எந்தப் பக்கம் நியாயம், யார் ஜெயிப்பார்கள், யார் நல்ல அரசன், எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் திரும்ப முடியவில்லை.

## குணம் இல்லாத இடம்

எல்லாத் தவறையும் நல்ல குணத்தின் கணக்கில் எழுதிவிடக்கூடாது. சூதாட்டச் சபையில் திரௌபதிக்காக வாதாடிய விகர்ணனை அடக்கி, ஐந்து கணவர் உடையவள் விலைமகள் என்று சொல்லி, அவள் ஆடையைக் களையச் சொன்னவன் கர்ணன். இங்கே கொடையும் இல்லை, நன்றியும் இல்லை.

சுயம்வரத்தில் தேரோட்டி மகனை மணக்க மாட்டேன் என்று அவள் அவமானப்படுத்தியதற்குப் பழிவாங்கினான் என்று சமாதானம் சொல்வார்கள். திரௌபதி அப்படி மறுக்கும் வரி செம்பதிப்பின் மூலப் பகுதியில் இல்லை. சில பிரதிகளில் மட்டும் கிடைக்கும் அதை வைத்து அவனை விடுவிக்கப் பார்ப்பது பலவீனமான வாதம்.

அவன் பின்னாளில் சொன்ன காரணமே போதும்: துரியோதனனை மகிழ்விக்க. அச்சம் நன்றியை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதற்கு இதுதான் அத்தாட்சி. தன்னை ஏற்றுக்கொண்ட ஒரே வட்டத்தில் தன் இடம் போய்விடக்கூடாது என்று நினைப்பவன், அந்த வட்டத்திலேயே உரக்கப் பேசுபவனாக ஆகிவிடுகிறான். பீஷ்மரும் துரோணரும் அங்கே வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். யார் மகன் என்று யாரும் கேட்காதவர்கள் அவர்கள், மௌனமாக இருந்தாலும் அவர்கள் நாற்காலி போகாது. இது கர்ணனுக்கு மன்னிப்பு அல்ல, விளக்கம் மட்டும்தான்.

## களத்தில் விழுந்த கணக்கு

போர் 18 நாள். அதில் ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒரு சபதம், வாக்கு அல்லது மானம் கர்ணனின் கையைப் பிடித்துக்கொள்கிறது.

1. போருக்கு முன் பீஷ்மர் அவனை அர்த்தரதி, அதாவது பாதி வீரன் என்று மதிப்பிடுகிறார். அரங்கில் கேட்ட அதே சிரிப்பு அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். பீஷ்மர் இருக்கும்வரை ஆயுதம் தொட மாட்டேன் என்று விலகுகிறான். முதல் 10 நாள் போச்சு.

2. 14ஆம் நாள் இரவுப் போரில் கடோத்கஜன் கௌரவப் படையைச் சின்னாபின்னமாக்குகிறான். எல்லோரும் கர்ணனைப் பார்த்துக் கத்த, அர்ஜுனனுக்காக வைத்திருந்த, ஒரே முறை பயன்படும் சக்தி ஆயுதத்தை விட்டுவிடுகிறான். கவசத்துக்கு ஈடாகக் கிடைத்தது அத்தோடு தீர்ந்தது. கிருஷ்ணன் மகிழ்ச்சியில் ஆடுகிறான்.

3. பீமன், சகாதேவன், நகுலன், யுதிஷ்டிரன் நால்வரும் வெவ்வேறு நேரத்தில் அவனிடம் தோற்கிறார்கள். நால்வரையும் விட்டுவிடுகிறான். அர்ஜுனனைத் தவிர உன் பிள்ளைகள் யாரையும் கொல்ல மாட்டேன், எப்படியும் உனக்கு ஐந்து மகன்கள் மிஞ்சுவார்கள் என்று குந்திக்குக் கொடுத்த வாக்கு அது.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். துரோணர் தலைமை ஏற்றதும் துரியோதனன் கேட்ட முதல் காரியமே யுதிஷ்டிரனைப் பிடித்துத் தருவது. 17ஆம் நாள் அதே யுதிஷ்டிரன் கர்ணனின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான், கர்ணனோ கேலி பேசி அனுப்பிவிடுகிறான். குந்திக்குக் கொடுத்த வாக்கு துரியோதனனுக்குத் தெரியாது. கவசத்தைக் கொடுக்கும்போதும் அவனைக் கலந்துகொள்ளவில்லை. செஞ்சோற்றுக்கடன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று சொன்னவன், அந்தக் கடனுக்குரிய நண்பனுக்குத் தன் உயிரைத்தான் கொடுத்தான், வெற்றியைக் கொடுக்கவில்லை. கொடை, வாக்கு, நன்றி மூன்றையும் விலக்கில்லாமல் காக்க முயன்றதில், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. துரியோதனன் கோணத்திலிருந்து யாராவது இந்தக் கதையை எழுதினால் கர்ணனுக்கு நல்ல பெயர் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இதற்கு மேல் சல்லியன். கிருஷ்ணனுக்கு இணையான தேரோட்டி வேண்டும் என்று கர்ணன் கேட்க, மத்ர நாட்டு மன்னன் சல்லியன் அமர்த்தப்படுகிறான். தேரோட்டியின் மகனுக்கு ஓர் அரசன் தேரோட்டுவது! அந்தச் சின்ன வெற்றிக்கு அவன் கொடுத்த விலை பெரிது. கர்ணனின் மனவலிமையைக் குலைப்பதாகச் சல்லியன் யுதிஷ்டிரனிடம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவன். அன்னத்தோடு போட்டிபோட்டுப் பறந்த காக்கையின் கதையைச் சொல்லிக் குத்துகிறான். எச்சில் சோறு தின்று வளர்ந்த காக்கை. எங்கே அடித்தால் வலிக்கும் என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

## இரண்டாவது முறை தொடுக்காத அம்பு

கடைசிப் போரில் நாக அம்பு அர்ஜுனனின் கழுத்துக்குக் குறிவைக்கப்படுகிறது. கிருஷ்ணன் தேரை அழுத்த, அம்பு கிரீடத்தைத் தட்டிக்கொண்டு போகிறது. கர்ணன் அதை மறுபடி தொடுக்கவில்லை. ஏன்?

வியாசரிடம் காரணம் வில்லாளியின் மானம். குறியை மாற்றிவை என்று சல்லியன் சொல்லும்போது, கர்ணன் ஓர் அம்பை இருமுறை குறிவைப்பவன் அல்ல என்கிறான். அம்பில் இருந்த அஸ்வசேனன் என்ற பாம்பு திரும்பி வந்து, மறுபடி எய் என்று கெஞ்சும்போதும், இன்னொருவர் பலத்தில் வெற்றி எனக்கு வேண்டாம் என்கிறான்.

வில்லியிடம் காரணம் தாய்க்குக் கொடுத்த வரம். நாகக் கணையை ஒருமுறைக்கு மேல் தொடுக்காதே என்று குந்தி கேட்டு வாங்கியிருக்கிறாள், கிருஷ்ணன் சொல்லிக்கொடுத்து.

தமிழ்க் கர்ணன் தாய்க்காகச் சாகிறான், வியாசரின் கர்ணன் தன்மானத்துக்காகச் சாகிறான். வில்லியின் மாற்றம் அவனை இன்னும் நல்லவனாக்குகிறது, நம்மை அழவைக்கிறது. ஆனாலும் வியாசர் சொல்வதே எனக்கு ஆழமாகப் படுகிறது. யாரும் கேட்காமல், யாருக்கும் வாக்குக் கொடுக்காமல், தனக்குத் தானே வைத்துக்கொண்ட ஒரு விதி அங்கே அவன் கையைக் கட்டுகிறது. வெளியே இருந்து ஒரு சதியும் தேவைப்படவில்லை.

பிறகு தேர்ச்சக்கரம் மண்ணில் புதைகிறது. தர்மப்படி சற்றுப் பொறு என்று அர்ஜுனனிடம் கேட்கிறான். திரௌபதியைச் சபைக்கு இழுத்தபோது இந்தத் தர்மம் எங்கே போயிருந்தது, அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றபோது எங்கே போயிருந்தது என்று கிருஷ்ணன் அடுக்குகிறான். கர்ணன் வெட்கத்தால் தலைகுனிந்தான், பதில் சொல்லவில்லை என்கிறது மூலம்.

## விதியா, சதியா, குணமா?

கிரேக்க நாடகங்களை ஆராய்ந்த அரிஸ்டாட்டில், துன்பியல் நாயகன் முழு உத்தமனாகவும் இருக்கக்கூடாது, முழுக் கயவனாகவும் இருக்கக்கூடாது, ஏதோ ஒரு பிழையால் வீழ்பவனாக இருக்க வேண்டும் என்றார். கர்ணனை இந்தச் சட்டத்தில் எளிதாகப் பொருத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் பாதிதான் பொருந்துகிறது. கர்ணனிடம் தனியாக எடுத்துக்காட்ட ஒரு பிழை இல்லை. கொடையை எடுத்துவிட்டால் கர்ணனே இல்லை, நன்றியை எடுத்துவிட்டாலும் இல்லை.

விதி, சாபம், கிருஷ்ணனின் தந்திரம் ஆகியவற்றையும் ஒதுக்கிவிட முடியாது. பரசுராமருடையது போக, இன்னொரு பிராமணன் இட்ட சாபம் இல்லாவிட்டால் சக்கரம் புதைந்திருக்காது. ஆனால் சாபங்கள் கடைசி நாளில்தான் வேலை செய்கின்றன. அதற்குள் கவசம் போயிருந்தது, சக்தி ஆயுதம் போயிருந்தது, 10 நாள் போயிருந்தது, யுதிஷ்டிரன் கைக்கு வந்து போயிருந்தான். இவை நான்கும் கர்ணன் கையால் நடந்தவை. தந்திரமும் அவன் குணம் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் உள்ளே வந்தது. கஞ்சனிடம் இந்திரன் வேடம் போட்டு வந்து என்ன பயன்?

கனமான எதிர்வாதம் வேறொன்று இருக்கிறது. பிறப்பை வைத்து மனிதனை அளக்கும் சமூகம்தானே அந்த அச்சத்தை அவனுக்குள் வைத்தது, பழியை ஏன் அவன் மனதின்மேல் போட வேண்டும்? நியாயமான கேள்வி. அச்சத்தைக் கொடுத்தவர்கள் கிருபரும் துரோணரும் பீமனும் உட்கார்ந்திருந்த அந்த உலகம்தான், இதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. அந்த உலகத்தின் மதிப்பெண் பட்டியலையே அவனும் கையில் வைத்துக்கொண்டான் என்பதுதான் அவன் சோகம். அர்ஜுனனை வெல்வது, புகழ், இகழ் என்று அவன் துரத்திய எல்லாமே அவனைத் தள்ளிவைத்தவர்கள் வகுத்த அளவுகள். ராதையின் பிள்ளை என்று கிருஷ்ணனிடம் அவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு, ராதையின் பிள்ளையாகவே இருந்தால் போதும் என்று வாழத் தெரியவில்லை.

பிறப்பை மறைத்துவை என்று அவன் கேட்டுக்கொண்டதன் விளைவு போருக்குப் பின்தான் வெளியே வருகிறது. இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யும் வேளையில் குந்தி, கர்ணனுக்கும் செய்யுங்கள், அவன் உங்கள் அண்ணன் என்கிறாள். யுதிஷ்டிரன் இடிந்துபோகிறான். சூதாட்டச் சபையில் கர்ணன் கடுமையாகப் பேசிக்கொண்டிருந்தபோதும், அவன் கால்களைப் பார்த்ததும் என் கோபம் அடங்கியது, அவை அம்மாவின் கால்களைப் போலவே இருந்தன, ஏன் என்று அப்போது புரியவில்லை என்று நாரதரிடம் சொல்லி அழுகிறான். கர்ணனும் அர்ஜுனனும் என் பக்கம் இருந்திருந்தால் இந்திரனையே வென்றிருப்பேனே என்கிறான். யுதிஷ்டிரன் நிரந்தர அரசனாக இருக்க வேண்டும் என்றுதான் கர்ணன் அந்த ரகசியத்தைக் காக்கச் சொன்னான். அதே ரகசியம் தெரிந்ததும் யுதிஷ்டிரன் எனக்கு இந்த அரசே வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்கிறான். மகாபாரதத்தின் மிக நீண்ட பருவமான சாந்தி பருவம் அவனைச் சமாதானம் செய்து அரசாள வைப்பதில்தான் தொடங்குகிறது.